பாலில் இல்லாத இரும்பு

பாலில் எல்லாச் சத்தும் இருக்கிறது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, புரதம் இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது. இரும்பு மட்டும் பெயருக்குத்தான். ஒரு லிட்டர் பசும்பாலில் அது அரை மில்லிகிராமைத் தாண்டுவது அரிது. தாய்ப்பசுவுக்கு எவ்வளவு இரும்புச்சத்து கொடுத்தாலும் அது மடி வழியாகப் பாலில் ஏறி வருவதில்லை. கன்றுக்காகவே சுரக்கிற பாலில் கன்றின் ரத்தத்துக்கு வேண்டிய இரும்பு இல்லை.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். கன்றின் உடம்பில் ஒரு கிலோ எடை கூட வேண்டுமானால் 18 முதல் 34 மில்லிகிராம் இரும்பு உள்ளே சேர வேண்டும். நாளொன்றுக்கு 300 கிராம் வளரும் கலப்பினக் கன்றுக்கு 5 முதல் 10 மில்லிகிராம் தேவை. அது நான்கு லிட்டர் குடிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அவ்வளவு பால் விடுகிற வீடு நம் பக்கம் குறைவு. அப்போதும் கிடைப்பது 2 மில்லிகிராம்தான். பிறக்கும்போது ஈரலில் சேர்த்துக் கொண்டுவந்த இருப்பை எடுத்துச் சில வாரங்கள் ஓட்டலாம். அதற்குப் பிறகு மண்ணிலிருந்தோ புல்லிலிருந்தோ தீவனத்திலிருந்தோ வந்தாக வேண்டும். எங்கிருந்து வந்தது, இப்போது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் கடலூர், சிதம்பரம் பக்கத்து மாட்டுக் கொட்டாய்களில் ஐம்பது அறுபது ஆண்டுகளில் நடந்த மாற்றம் முழுவதும் கண்ணில் படுகிறது.

புவனகிரி, காட்டுமன்னார்கோயில், சேத்தியாத்தோப்பு பக்கம் அறுபதுகள் வரை மாடு என்றால் முதலில் உழவு. பால் அதற்கு அப்புறம். நாட்டுப் பசு வேளைக்கு ஒரு படி கறந்தால் நல்ல பசு. கன்றை ஊட்டவிட்டால்தான் அது சுரக்கும். கன்று இல்லாவிட்டால் மடியை இறுக்கிக்கொள்ளும். அதனால் கன்று உயிரோடு இருப்பது வீட்டுக்காரருக்கே வேண்டியிருந்தது. கறந்து முடித்தபின் ஒரு காம்பைக் கன்றுக்கு விட்டுவிடுவது பல வீடுகளில் எழுதாத சட்டம். கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோலை அடைத்துப் பசுவின் முன்னால் நிறுத்திக் கறந்த கதையும் உண்டு. அதைப் பார்த்தவர்கள் இன்றும் அதைச் சொல்லும்போது முகம் மாறுகிறது.

காளைக்கன்று பிறந்தால் அன்று சந்தோஷம். இரண்டு மூன்று வருஷத்தில் ஏர் பூட்டலாம், வண்டியில் கட்டலாம், ஜோடி சேர்த்து விற்கலாம். கிடேரிக்கு விடும் பாலைவிடக் காளைக்கன்றுக்கு ஒரு வாய் கூடுதலாக விட்ட வீடுகள் இருந்தன. இந்த ஒரு விஷயம் இப்போது தலைகீழாகிவிட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பசு ஈன்றவுடன் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரக் கிளையில் கட்டுவார்கள். ஆலமரம் பால் வடிவது போலப் பசுவுக்கும் பால் பெருகும் என்ற நம்பிக்கை. அதில் தீங்கில்லை. நஞ்சுக்கொடி விழும் வரை கன்றைக் குடிக்கவிடாமல் தடுத்த பழக்கத்தில்தான் தீங்கு இருந்தது. கன்று பிறந்த முதல் சில மணி நேரத்தில் குடிக்கிற சீம்பாலில்தான் நோய் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. நேரம் ஆக ஆக அதைக் குடலால் உறிஞ்ச முடியாமல் போகிறது. சாதாரணப் பாலைவிடச் சீம்பாலில் இரும்பும் கூடுதல். கன்றுக்கு முதலில் போக வேண்டியது பக்கத்து வீட்டுக்கும் உறவுக்கும் கிண்ணத்தில் போனது. அன்று எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பத்து இருபது நாளில் கன்று மண்ணை நக்க ஆரம்பிக்கும். செங்கல் சுவரை நக்கும், சாம்பலை நக்கும், தாயின் காடியில் மூக்கை விட்டு வைக்கோலை இழுத்துப் பார்க்கும். "கன்னு மண்ணு திங்குது" என்று பனை நாரிலோ கயிற்றிலோ பின்னிய வாய்க்கூடையை மாட்டிவிடுவார்கள். மண் தின்றால் வயிறு உப்பும், புழு வைக்கும் என்பது அனுபவம். அந்த அனுபவம் பொய்யில்லை. ஆனால் கன்று ஏன் மண்ணுக்குப் போனது என்பதற்கும் காரணம் இருந்தது. மண்ணில் இரும்பு இருக்கிறது. மண்ணில் புரளும் பன்றிக்குட்டிக்குச் சோகை வருவதில்லை, காரைத் தரையில் வளரும் குட்டிக்குப் பிறந்த சில நாளிலேயே இரும்பு ஊசி போட வேண்டியிருக்கிறது என்பது உலகம் முழுவதும் பண்ணைக்காரர்கள் அறிந்தது. கன்றும் அப்படித்தான் தன் பாட்டுக்குத் தேடிக்கொண்டது. இரண்டு மூன்று மாதத்தில் தாயோடு மேய்ச்சலுக்குப் போகும். சம்பா அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் எடுத்தபின், ஆடியில் தண்ணீர் வரும் வரைக்கும் வயல்வெளி முழுக்க மாடுகளுக்குத்தான். வரப்புப் புல்லும் வாய்க்கால் கரையும் மேய்க்கால் புறம்போக்கும் கன்றின் ரத்தத்துக்கு இரும்பு கொடுத்தன.

அதே இடங்கள் அதே ரத்தத்தைப் பிடுங்கவும் செய்தன. வீராணம் ஏரிப் பாசனத்து ஈரக்கரைகளில் நத்தை இருக்கும்; நத்தை இருக்கும் இடத்தில் ஈரல் தட்டைப்புழு இருக்கும். வயிறு பெருத்து, மயிர் சிலிர்த்து, தாடைக்குக் கீழே நீர் கோத்து நிற்கும் கன்றை அந்தக் காலத்தில் ஊருக்கு நாலு பார்க்கலாம். எருமைக் கன்றுகளின் நிலை இன்னும் மோசம். தாயின் பால் வழியாகவே உருண்டைப்புழு இறங்கி, மூன்று வாரத்துக்குள் குடலை அடைத்துவிடும். "கன்னு தங்கல" என்ற இரண்டு சொல்லில் முடிந்துபோன சாவுகளில் எத்தனை இந்தப் புழுவால் என்று யாரும் எண்ணவில்லை. எண்ணுகிற வழக்கமே இல்லை.

பிறகு பால் வந்தது. 1970ல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தின் முதல் கட்டத்திலேயே சென்னை இருந்தது. சென்னைக்குப் பால் வேண்டும் என்றால் சுற்றியுள்ள மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து வர வேண்டும். சமவெளிக்கு ஜெர்சி, மலைக்கு ஹோல்ஸ்டீன் என்று மாநிலத்தின் இனவிருத்திக் கொள்கை அமைந்தது. சினை ஊசி ஊர் ஊராக வந்தது. 1981ல் கூட்டுறவு ஒன்றியங்களின் இணையம் உருவாகி, ஆவின் வீட்டுப் பெயரானது. 1993ல் தென்னார்க்காடு பிரிந்து கடலூர் தனி மாவட்டமாகும்போது, ஊருக்கு ஒரு பால் சொசைட்டி என்பது சாதாரணமாகிவிட்டது. 2011ல் விலையில்லாக் கறவைப் பசுத் திட்டம் வந்தபோது மாடு பெண்களின் பெயரில் வந்தது. படி கணக்கில் கறந்த கொட்டாயில் எட்டு லிட்டர், பத்து லிட்டர் கறந்தது. பிள்ளைகள் சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் படிக்கப் போனது இந்தப் பால் காசில்தான். இந்த மாற்றத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எத்தனையோ வீடுகளில் வட்டிக்காரன் வாசலில் நிற்காமல் போனது அதனால்தான்.

ஆனால் சொசைட்டியில் அளப்பது பாலை மட்டும்தான். லிட்டர், கொழுப்பு, கொழுப்பற்ற திடப்பொருள் என்று எல்லாம் சீட்டில் பதிவாகிறது. கன்றின் வாய்க்குள் போனது எங்கும் பதிவாவதில்லை. விடியற்காலை கேன் கிளம்புவதற்குள் கறந்து முடிக்க வேண்டும். மாலையில் இன்னொரு முறை. கன்றுக்கு விடுகிற ஒவ்வொரு லிட்டரும் அன்றைய கூலியிலிருந்து கழிகிறது. சுரப்பு இறங்குவதற்கு ஒரு நிமிஷம் விட்டுப் பிடித்து இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். கலப்பினப் பசு கன்று இல்லாமலும் சுரக்கும் என்பதால் சில இடங்களில் அந்த ஒரு நிமிஷமும் இல்லை.

கொட்டாயும் மாறியது. கூரை போய்த் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் வந்தன. நூறு நாள் வேலைத் திட்டத்தில் சிமெண்டுத் தரையோடு மாட்டுக் கொட்டகை கட்டிக்கொள்ள வழி கிடைத்தது. மழைக்காலத்தில் முழங்கால் சேற்றில் நின்ற மாட்டுக்கு அது பெரிய விடுதலை. கடலூர் மாவட்டம் 2015 வெள்ளத்தைப் பார்த்தது; சேறு என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தரை உலர்ந்ததால் புழு முட்டையும் குறைந்தது. ஆனால் கன்று நிற்கும் இரண்டு அடிக் கயிற்றுக்குள் மண்ணும் இல்லை, புல்லும் இல்லை. மேய்க்கால் புறம்போக்கு வீடாகவும் பட்டாவாகவும் போயிற்று. அறுவடை இயந்திரம் வந்தபின் வைக்கோலே கட்டுக்கட்டாக விலைக்கு வாங்கும் பொருளாயிற்று. அன்று கன்று இரும்பைத் தேடிப் போனது. இன்று அது போக முடியாது. நாம் கொண்டுவந்து வைத்தால்தான் உண்டு.

இது தெரியாமலேயே பலர் நல்லது செய்வதாக நினைத்துக் கன்றை மூன்று மாதம் வெறும் பாலில் வைத்திருக்கிறார்கள். கன்றின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இறக்கிப் பாருங்கள். நல்ல கன்றுக்கு உள்ளே இளஞ்சிவப்பு. சோகைக் கன்றுக்கு வெளிறிய வெள்ளை. ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 10 கிராம் இருந்தால் கவலை இல்லை. 8க்குக் கீழே போனால் சோகை. 7க்குக் கீழே போனால் தீனி குறையும், வளர்ச்சி நிற்கும், சளியும் கழிச்சலும் எளிதில் பிடிக்கும். ஓடவிட்டால் இரைக்கும். ஆனால் கட்டிக் கிடக்கிற கன்று ஓடுவதே இல்லை. அதனால் அது சாதுவான கன்று என்று பெயர் வாங்கிவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது இந்த இடம்தான். நோயை நாம் குணம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஐரோப்பாவில் இதையே தெரிந்து செய்தார்கள். கன்றிறைச்சி வெள்ளையாக இருந்தால் விலை அதிகம் என்பதற்காக, இரும்பு குறைந்த பால்மாவை மட்டும் கொடுத்து, மரக்கூண்டில் அசையாமல் வளர்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பி, பிரிட்டன் 1990ல் அந்தக் கூண்டுகளைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2007லிருந்து எட்டு வாரம் கடந்த கன்றைத் தனிக்கூண்டில் அடைக்கக் கூடாது. நார்த்தீவனம் கொடுத்தாக வேண்டும். ஹீமோகுளோபின் சராசரி லிட்டருக்கு 4.5 மில்லிமோலுக்குக் கீழே போகக் கூடாது. நம் கணக்கில் டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 7.2 கிராம். கன்றின் ரத்தத்துக்குச் சட்டத்தில் ஓர் எண் இருக்கிறது என்பதே பெரிய விஷயம். நம் ஊரில் யாரும் இறைச்சியை வெளுக்க வைப்பதற்காகக் கன்றைக் கட்டிப்போடவில்லை. இடமில்லாமலும் நேரமில்லாமலும் கட்டுகிறார்கள். ஆனாலும் கன்றின் ரத்தத்துக்கு நடப்பது ஒன்றுதான்.

இரும்பு இந்த மண்ணில் இல்லாமல் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். புவியியலாளர்கள் கடலூர் மணற்பாறை என்று பெயரிட்ட அடுக்கின் மேல் படிந்த மண் அது; முந்திரியும் பலாவும் அதில்தான் விளைகின்றன. தெற்கே சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் களிமண்ணில் நெல் வயலில் தண்ணீர் நிற்கும்போது இரும்பு கரைந்து பயிருக்குள் ஏறுகிறது. அதனால் வைக்கோலில் வளர்ந்த மாட்டுக்குத் தேவையைவிடக் கூடுதலாகவே இரும்பு கிடைக்கிறது. பெரிய மாட்டுக்குக் குறைவது செம்பும் துத்தநாகமும் பாஸ்பரஸும்தான். இரும்பு மிஞ்சினால் செம்பு உடம்பில் சேர்வதும் தடைபடும். செம்பு குறைந்தால் அதுவும் சோகையில்தான் கொண்டுபோய் விடும். ஆகவே "சோகைக்கு இரும்பு டானிக்" என்று கடையில் வாங்கி எல்லா மாட்டுக்கும் ஊற்றுவது சரியான வைத்தியம் இல்லை. பால் குடிக்கும் வயதில் இரும்பு, மேயும் வயதில் தாது உப்புக் கலவை என்று வயதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

ரத்தத்தைக் குடிக்கும் உண்ணிக்கு நாம் போதுமான அளவு பயப்படுவதில்லை. ஒரு பெண் உண்ணி உப்பிக் கீழே விழுவதற்குள் அரை மில்லி முதல் இரண்டு மூன்று மில்லி ரத்தம் வரை குடிக்கும். ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் 0.34 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதாவது ஓர் உண்ணி குடித்த ரத்தத்தை ஈடுகட்ட, கன்று ஏறக்குறைய ஒரு லிட்டர் பாலில் உள்ள இரும்பு முழுவதையும் வீணாக்காமல் சேர்க்க வேண்டும். காதிலும் தொடை இடுக்கிலும் இருபது உண்ணியோடு நிற்கும் கன்றுக்குக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். நாட்டுக் கன்றுக்கு உண்ணி ஏறினாலும் தோலும் உடம்பும் ஓரளவு தாங்கும். ஜெர்சி ரத்தம் கூடக் கூட அந்தத் தாக்குப்பிடிப்பு குறைகிறது. உண்ணி வழியாக வரும் தைலேரியா காய்ச்சல் கலப்பினக் கன்றைச் சில நாளில் வெளிற வைத்துக் கொன்றுவிடும். காய்ச்சலும் கழுத்துக் கட்டியும் தெரிந்த அன்றே ஊசி போட்டால் பிழைக்கும். "நாளைக்குப் பாப்போம்" என்றால் பிழைக்காது. அதிகம் பால் தரும் மாட்டை வாங்கியபோது, அதிகம் பார்த்துக்கொள்ள வேண்டிய மாட்டை வாங்குகிறோம் என்று யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது கஷ்டமானதல்ல. பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டத் தொடங்கி, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கை அன்றைக்குள் ஊட்டி முடிக்க வேண்டும். நஞ்சுக்கொடிக்காகக் காத்திருக்க வேண்டாம். இரண்டாவது வாரத்திலிருந்து ஒரு கை கன்றுத் தீவனமும் நல்ல தண்ணீரும் வாய்க்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இரும்பும் செம்பும் சேர்ந்த தாது உப்பு அந்தத் தீவனத்திலேயே இருக்கும். முதல் இரைப்பை விரியத் தொடங்குவதும் அப்போதுதான். வேலிமசால், அகத்தி, கம்பு நேப்பியர் என்று எது கையில் இருக்கிறதோ அதன் கொழுந்தைக் கட்டித் தொங்கவிடலாம். முதல் குடற்புழு நீக்கம் பத்து பதினைந்து நாளில். பிறகு ஆறு மாதம் வரை மாதத்துக்கு ஒருமுறை. உண்ணியைக் கையால் பிடுங்கி மண்ணில் போடாமல் நெருப்பில் போட வேண்டும். சுவரின் வெடிப்பையும் பூசிவிட வேண்டும், முட்டை அங்கேதான் இருக்கும். இரும்பு ஊசி உண்டு. ஹீமோகுளோபினை அது நிச்சயமாக ஏற்றும். எடையையும் ஒவ்வொரு கன்றிலும் ஏற்றும் என்று சொல்ல முடியாது. தீனி இல்லாத கன்றுக்கு ஊசி மட்டும் போட்டால் வளராது. அளவு மிஞ்சினால் ஆபத்தும் உண்டு. அதனால் இமையைப் பார்த்துக் கால்நடை மருத்துவர் போடட்டும்.

இதைச் சொல்லித்தர ஆள் இல்லாத ஊரில்லை இது. 1929ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலம் சிதம்பரத்தில் இருக்கிறது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் கடலூரில் இருக்கிறது. விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மருந்தகத்துக்கு மாட்டை ஓட்டி வருகிறவர்கள் கன்றையும் கூட ஓட்டி வருவதில்லை என்பதுதான் குறை. மாடு பால் குறைத்தால் அன்று மாலையே வருகிறார்கள். கன்று இளைத்தால் ஒரு மாதம் பார்க்கிறார்கள்.

வீட்டுப் பிள்ளைக்கும் இதே கணக்குதான் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பசும்பாலைப் பிரதான உணவாகக் கொடுத்தால் சோகை வரும். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சோகை இருப்பதைத் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியது. கன்றின் இமையைப் பார்க்கப் பழகிய கை பிள்ளையின் இமையையும் இறக்கிப் பார்க்கும்.

இனி காளைக்கன்று. டிராக்டர் வந்த பின் அதற்கு ஏர் இல்லை, வண்டி இல்லை. கலப்பினக் காளைக்குத் திமிலும் இல்லாததால் நுகத்தடிக்கும் சரியாகப் பொருந்தாது. பிறந்த அன்றே அது செலவு. அதற்குப் பால் விடுவதில்லை. சீம்பாலும் சில இடங்களில் விடுவதில்லை. தானாகச் சாகும் வரை கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. பாலினம் பிரித்த விந்து வந்துவிட்டது. கிடேரி மட்டும் பிறக்கும்படி பெரும்பாலும் பார்த்துக்கொள்ளலாம். அது பரவினால் இந்தத் துன்பம் குறையும். அது வரை பிறக்கிற காளைக்கன்றுக்கும் முதல் நாள் சீம்பாலும் நாலு வாரம் பாலும் கொடுப்பது அந்த வீட்டின் கடமை. அதன் தாய் கறப்பது அது பிறந்ததால்தான்.

கிடேரிக்கு வந்தால் லாபக் கணக்கே பேசும். ஜெர்சி கலப்பினக் கிடேரி பிறக்கும்போது 20 முதல் 25 கிலோ. நாளுக்கு 350 கிராம் வளர்ந்தால் மூன்று மாதத்தில் 50 கிலோவைத் தாண்டும். அந்த வேகம் தளராமல் கூடிக்கொண்டே போனால் முப்பது மாதத்தில் கன்று ஈனும். முதல் மூன்று மாதத்தில் சோகை பிடித்து நோஞ்சானாகப் போனது மூன்று வயது கடந்தும் பருவத்துக்கு வராமல் நிற்கும். அத்தனை மாதமும் தின்னும், பால் தராது. கன்றுக்கு விடாமல் சொசைட்டிக்கு ஊற்றிய பாலின் காசு அங்கே பல மடங்காகத் திரும்பிப் போகிறது. சந்தையில் எழுபதாயிரம், எண்பதாயிரம் கேட்கிற கறவை மாட்டைக் கடன் வாங்கி வாங்கும் பெண்மணியின் கொட்டாயில் ஒரு நல்ல கிடேரி வளர்ந்திருக்க முடியும்.

கன்று வளர்கிறதா என்று கண்டுபிடிக்கத் தராசு வேண்டாம். தையற்காரர் நாடா ஒன்று போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்னிடுப்பு எலும்பு வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கன்றின் எடை கிலோவில் ஏறக்குறையக் கிடைத்துவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடுத்தால் வளர்கிறதா நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். பால் ஊற்றும் சொசைட்டி அட்டையில் லிட்டருக்கும் கொழுப்புக்கும் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடலாம்: கன்றின் மார்பளவு. மாதத்துக்கு ஒருமுறை அதை நிரப்பிக் கொண்டு வருகிறவருக்குக் கன்றுத் தீவனம் ஒரு மூட்டை சலுகை விலையில் கொடுக்கலாம். புதிய துறை வேண்டாம், புதிய கட்டடம் வேண்டாம். காட்டுமன்னார்கோயில் வட்டத்தில் பத்துச் சங்கங்கள் ஒரு வருஷம் செய்து பார்க்கட்டும்.